இருபத்து மூன்றாம் கேள்வி

பதினேழாவது கேள்வியையும் வெட்டிவிட்டார்கள். சுவரில் விழும் கணினித் திரையில் அது ஒரு நொடி சிவப்பாக நின்றது, பிறகு கீழே இருந்த கேள்வி ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டது. ரத்தம் வருவதற்குள் தோல் கூடிவிடுவது போல. எதற்காகச் சிவப்பு என்று ஜெனிட்டாவிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. முன்னாள் மாணவர் அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு, கெட்டிக்காரி, கை வேகம், வெட்டுகிறோம் என்றே தெரியாமல் வெட்டுகிறாள். நாற்பத்தொரு கேள்விகள், நான்கு பக்கம். ஆண்டு விருந்துக்கு வருகிற பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் நிரப்ப வேண்டிய படிவம். தொண்ணூற்றிரண்டில் நான் ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, மை வாடையோடு உருட்டி எடுத்தது. அதை ஆறு கேள்விகளாகக் குறைக்கத்தான் இந்தக் கூட்டம். மூன்று மணிக்குத் தொடங்கியது, நான்கு மணிக்கு முடித்துவிடலாம் என்று துணைப் பதிவாளர் அம்பலவாணன் சொல்லியிருக்கிறார். "நாலு பக்கத்தப் பாத்ததுமே பாதிப் பேர் திருப்பி அனுப்பறதில்ல மேடம். இனிமே கைப்பேசி எண்ணப் போட்டா போதும், பேரு, வருஷம், துறை எல்லாம் தானா வந்துடும்" என்கிறாள் ஜெனிட்டா. நல்லதுதானே என்கிறேன். உண்மையில் நல்லதுதான். கண் தெரியாத கிழவர்கள் நான்கு பக்கம் எழுதுவதை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். பதினெட்டு. விடுதி அறை எண். "இது எதுக்கு மேடம்? அந்த விடுதியவே இடிச்சாச்சே" என்கிறார் அம்பலவாணன். எல்லோரும் சிரிக்கிறார்கள். எதிரே, நன்கொடையாளர்கள் சார்பில் உட்கார்ந்திருக்கும் குலசேகரனின் சிரிப்பு எல்லோருடையதும் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் நீள்கிறது. "வேணி எல்லாத்தையும் கேப்பா சார். அந்தக் காலத்துலேயே அப்படித்தான். நாங்க லேப்ல ஒரு பரிசோதனை முடிக்கறதுக்குள்ள நூறு கேள்வி கேப்பா." உலகத்தில் என்னை வேணி என்று கூப்பிட மிஞ்சியிருப்பவன் இவன் ஒருவன்தான். அம்மா போய்விட்டாள், அண்ணன் போய்விட்டான், மற்றவர்களுக்கு நான் கமலவேணி மேடம். குலசேகரன் மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளுகிறான். தள்ளிய கையில் பச்சைக்கல் மோதிரம், முதுமைப் புள்ளிகள், நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன. மேசையில் ஸ்டேப்ளர் இருக்கிறது. அந்தக் கையை மேசையோடு மேசையாக வைத்து அழுத்தினால் கம்பி எவ்வளவு ஆழம் போகும், தோல் மட்டுமா, சதையுமா. நான் ஒரு வேர்க்கடலையை எடுத்துக்கொள்கிறேன். நன்றி என்கிறேன்.

எழுபத்து மூன்று வயதுப் பெண்ணின் தலைக்குள் இவ்வளவு ரத்தம் ஓடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிளாஸ்க்கில் இருக்கும் தேநீரை அவன் மடியில் கவிழ்க்கிறேன். கவிழ்த்துவிட்டு, ஐயோ கை நழுவிவிட்டது என்கிறேன். ஜெனிட்டாவின் காலடியில் சுருண்டு கிடக்கும் மின்கம்பியை எடுக்கிறேன். பத்தொன்பது, தாய்மொழி, வெட்டு. அவன் மிக்சரை மெல்லும் சத்தம் கேட்கிறது, ஓமப்பொடி இல்லை, காராசேவு, நறுக்கென்று ஒன்று, பிறகு அரைபடுதல், பிறகு இன்னொன்று. எலும்பு உடையும்போது வருவது இந்தச் சத்தம் இல்லை. அதைவிட ஈரமானது. பச்சை முருங்கைக்காயை நாரோடு ஒடிப்பது போல, ஒடிந்த பிறகும் நார் விடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று பிப்ரவரி, முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு, தராசு அறை. நுண்தராசுகள் வைத்த சின்ன அறை அது. ஒரு மில்லிகிராம் கூட அசையக் கூடாது என்று சன்னலே வைக்காமல் கட்டி, கனத்த தேக்குக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே போனால் கடற்காற்றின் இரைச்சல் அறுந்துவிடும், நம் மூச்சு நமக்கே கேட்கும். நான் அதனால்தான் அந்த அறைக்குப் போவேன். எடை போடுவதற்கு மட்டுமில்லை, எதையாவது முணுமுணுத்துப் பார்ப்பதற்கு. அன்று அவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கம்மா உங்க வீட்டுக்கு வர்றாங்க என்றான். எதுக்கு என்றேன். தெரியாத மாதிரி கேக்காத என்றான். எனக்கு இஷ்டமில்ல, வர வேண்டாம்னு சொல்லிடுங்க என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சிரித்தேனோ? ஐம்பது வருடமாக இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறேன், சிரித்தேனோ, சிரித்திருந்தால் என்ன, சிரித்திருந்தால்தான் என்ன. சரி என்றான். அந்தச் சரி எவ்வளவு மெதுவாக வந்தது. வெளியே போனான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வலது கை. அவன் கதவை இழுத்தான். கதவு கையில் பட்டு நின்றது. அவனும் நின்றான். இடைவெளி வழியாக என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தோளைக் கொடுத்துச் சாய்ந்தான். ஆத்திரம் இல்லை அந்த முகத்தில், அதைத்தான் சொல்ல முடிவதில்லை, அளவு பார்க்கிற முகம், தராசின் முள் நிற்பதற்காகக் காத்திருக்கிற முகம்.

அதன் பிறகு அவனேதான் என்னை ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கைக்குட்டையால் கட்டியதும் அவன்தான். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்தான். என்ன தங்கமான பையன் என்றார் வார்டன் அம்மாள். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, காத்துல கதவு சாத்திக்கிச்சு சார் என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் காத்து என்றேன். வேறு சொல்லியிருந்தால் அப்பா அன்று மாலை பஸ்ஸுக்கே வந்து பெட்டியைக் கட்டியிருப்பார், படிப்பு அதோடு முடிந்திருக்கும். சன்னலே இல்லாத அறையில் காற்று வந்து மூன்று விரல்களை உடைத்தது என்று துறைப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்த அறை ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற பேராசிரியரே கையெழுத்துப் போட்டார். வேதியியல் துறை முழுவதும் நம்பியது. இருபது, ரத்த வகை. "விருந்துக்கு எதுக்கு சார் ரத்த வகை?" என்கிறாள் ஜெனிட்டா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஒரு வருடம் ஒருவர் படியில் விழுந்து மண்டை உடைந்தது, அதனால் சேர்த்தேன் என்கிறேன். "மேடம் வீட்டுக்குப் போறதுக்குள்ள நம்ம எல்லாருக்கும் ரத்த அழுத்தம் வந்துடும்" என்கிறார் அம்பலவாணன். வெட்டு. இருபத்தொன்று, ரயில் நிலையத்திலிருந்து வண்டி வேண்டுமா, வெட்டு, இப்போது எல்லோரும் கைப்பேசியிலேயே வண்டி வரவழைத்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒன்று, அதற்குப் பிறகு என்னுடையது. உள்ளங்கை வியர்க்கிறது. வளைந்த விரல்களின் சந்தில் எப்போதும் முதலில் வியர்க்கும்.

இருபத்து மூன்றாம் கேள்வி இதுதான். விருந்தில் யாருக்கு அருகில் அமர உங்களுக்கு விருப்பமில்லை? எழுதினால் யாரிடமும் காட்டப்படாது. நான் அப்போது பல்கலைக்கழக அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர், விருந்து ஏற்பாடு என் பொறுப்பு, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துறைச் சண்டைகளுக்காக என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கும்தான் எழுதினார்கள். கணக்குத் துறையில் யாரும் வேண்டாம். பாடிக் காட்டுகிறேன் என்று கிளம்புவாரே ராமபத்ரன், அவர் வேண்டாம். என் மனைவி அருகில் வேண்டாம், வருடத்தில் ஒரு நாளாவது. ஒவ்வொரு வருடமும் தனியாக உட்கார்ந்து வாசித்துச் சிரிப்பேன். மூன்றாவது வருடம் ஒரு பெண்ணின் கையெழுத்து, எண்பதாம் ஆண்டு மாணவி, குலசேகரன் என்று மட்டும் எழுதியிருந்தாள். பேனாவை அழுத்தியதில் தாளின் பின்புறம் எழுத்து புடைத்திருந்தது. விரலால் தடவினேன். எனக்குப் பிறகு அவன் அங்கேயே ஆய்வு செய்தான், பத்து வருடம் ஆய்வுக்கூடத்தில் செய்முறை சொல்லிக் கொடுத்தான், அதற்கப்புறம்தான் சாயத் தொழிற்சாலை, பணம், அவன் பேரில் கட்டிடம். பத்து வருடம். நான் காற்று என்றேன், பத்து வருடம். அடுத்த வருடம் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. ஆறு பேர். ஒருத்தி மட்டும் பெயருக்குக் கீழே எழுதியிருந்தாள், இவர் அறைந்ததில் என் இடது காது கேட்காது, அதனால் எனக்கு வலப்பக்கம் யாராவது நல்லவர்களாகப் பார்த்துப் போடுங்கள். அந்த வரியை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று தோன்றும். வராமல் ஏன் இருக்க வேண்டும், அது அவர்களுடைய கல்லூரி, அவர்களுடைய சிநேகிதிகள், அவர்கள் நட்ட கொன்றை மரம். கெட்டி அட்டையில் பெயர்களை எழுதி வெட்டி, சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி, இரண்டு இரவும் பகலும் நகர்த்துவேன். அவனை மண்டபத்தின் நடுவில் வைப்பேன், பெரிய மனிதன், நடுவில் வைத்தால் சந்தோஷப்படுவான். அவர்களைச் சுவரோரம், தூண்களுக்குப் பின்னால், அவன் கை கழுவப் போகிற வழியில் படாமல். முப்பத்திரண்டு வருடங்களில் ஒரு முறையும் தவறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகர் என்று என்னை வைத்திருப்பது நான் மேசை போடுவதில் கெட்டிக்காரி என்பதால்தான். அவனை விருந்துக்கு வராமல் செய்ய என்னால் முடியவில்லை, தூண்களை மட்டும் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. சில சமயம் நினைப்பேன், நான் இவ்வளவு நன்றாக மேசை போடாமல் இருந்திருந்தால் ஒரு வருடமாவது யாராவது ஒருத்தி தட்டை எடுத்து அவன் முகத்தில் அடித்திருப்பாள். அதைத் தடுத்தவள் நான். அவனைத்தான் இத்தனை வருடம் காப்பாற்றினேனோ.

"மேடம், அதுக்குள்ள இதப் பாருங்க" என்கிறாள் ஜெனிட்டா. இருபத்திரண்டை வெட்டி முடித்துவிட்டு வேறு ஏதோ திறக்கிறாள். "போன வருஷம் வந்தவங்க பேர வச்சு ஒரு சோதனை ஓட்டிப் பாத்தேன். மேசையும் அதுவே போட்டுடும். ஒரு மேசைக்கு ஒரு நன்கொடையாளர், சுத்தி அவரோட துறையில படிச்சவங்க ஒம்பது பேரு. நீங்க அட்டையெல்லாம் வெட்டிக் கஷ்டப்பட வேண்டாம்." திரையில் வட்டங்கள் வருகின்றன, வட்டத்துக்குள் பெயர்கள். அழகாகத்தான் இருக்கிறது. "அது என் யோசனை சார்" என்கிறான் குலசேகரன். "பழைய பிள்ளைங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாத்தானே குடுக்கறவனுக்கும் ஒரு திருப்தி. வேணி என்ன பண்ணுவா, வருஷா வருஷம் என்னைக் கொண்டுபோய் எக்கனாமிக்ஸ் கிழவனுங்க நடுவுல போட்டுடுவா." நான்காவது மேசை. நடுவில் அவன் பெயர் பெரிதாக. சுற்றி ஒன்பது பெயர்கள், வேதியியல், அவற்றில் என் அட்டைகளில் மூன்று. காது கேட்காதவளின் பெயர் அவனுக்கு ஒட்டினாற்போல், அவளுடைய வலப்பக்கத்தில் அவன். கேட்கிற காதின் பக்கம். கணினிக்கு என்ன தெரியும், அது ஆண்டையும் துறையையும் பார்த்தது. விருந்துக்குப் பதினெட்டு நாட்கள். அவள் வந்து மேசை எண்ணைத் தேடி, புடவையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். அவன் சிரிப்பான், தட்டைத் தள்ளுவான். "இருபத்து மூணு" என்கிறார் அம்பலவாணன். "இது ஒரு வேடிக்கையான கேள்வி. இருக்கட்டுமா போகட்டுமா மேடம்?" இருக்கட்டும் என்கிறேன். குரல் சரியாகத்தான் வந்தது. "எதுக்குன்னு சொல்லுங்க, வைப்போம். ஜெனிட்டா, இதுவரைக்கும் எத்தனை பேர் பதில் எழுதியிருக்காங்க?" அவள் தட்டுகிறாள், தேடுகிறாள், நெற்றி சுருங்குகிறது. "ஒருத்தர்கூட இல்ல சார். கணினியில ஏத்துன எந்த வருஷத்துலயும் இதுக்கு நேரா எல்லாம் காலியா இருக்கு. பூஜ்யம்." பூஜ்யம். ஆமாம். நான்தானே. படிவங்கள் வந்ததும் முதலில் என்னிடம்தான் வரும். இரண்டாம் பக்கத்தின் அடியில் அந்தக் கேள்வியை வைத்ததே வெட்டி எடுக்க வசதியாக. கத்தரிக்கோலால் துண்டை வெட்டிக்கொண்டு மிச்சத்தைத்தான் பதிவு செய்ய அனுப்புவேன். விருந்துக்கு மறுநாள் பால்பவுடர் டப்பாவில் போட்டுக் கொளுத்திவிடுவேன். யாரிடமும் காட்டப்படாது என்று அச்சடித்திருந்தேனே. எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினேன், எவ்வளவு சுத்தமாக, ஒரு துகள் சாட்சி மிஞ்சாமல். அவனுக்கு வேண்டியதை முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து கத்தரித்துக் கொடுத்திருக்கிறேன். "பாத்தீங்களா" என்கிறான் குலசேகரன், தட்டில் கடைசிக் காராசேவைத் தேடிக்கொண்டே. "யாருக்கும் யார்கிட்டயும் விரோதம் இல்ல. நம்ம பிள்ளைங்க அப்படி. எடுத்துடும்மா."

அவள் விரல் விசைக்கு மேல் போய்விட்டது. கேள்வி சிவப்பாகிவிட்டது. ஆறு பெயர்கள் என் நாக்கின் அடியில் இருக்கின்றன, அவற்றைச் சொன்னால் கேள்வி பிழைக்கும், அவற்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் என்னிடம் எழுதினார்கள், இந்த அறையிடம் எழுதவில்லை. சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. கேள்வியை உண்டாக்கியவள் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு வருடமும் என் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, காலியாக இருந்த துண்டையும் வெட்டி எரித்தேன். நில்லும்மா என்கிறேன். "ஒரு சோதனைப் பதிவு நான் போட்டுப் பாக்கலாமா? வயசானவங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரிய வேண்டாமா?" அம்பலவாணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். "தாராளமா மேடம்." ஜெனிட்டா சிவப்பை விலக்கிவிட்டு மடிக்கணினியை என் முன்னால் திருப்பி வைக்கிறாள். என் கைப்பேசி எண்ணைப் போடுகிறேன். பெயர், ஆண்டு, துறை, எல்லாம் தானாக வந்து விழுகின்றன. அவள் சொன்னது சரி, எவ்வளவு எளிது. இருபத்து மூன்றுக்கு வருகிறேன். கட்டத்துக்குள் கோடு துடிக்கிறது. நடு விரல் நேராக இறங்காது, பக்கத்து எழுத்தில் போய் விழும், ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகக் குத்துகிறேன். கு. சுவரில் கு பெரிதாக வருகிறது, என் முழங்கை உயரம் இருக்கும். ல. யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். சே. அம்பலவாணன் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே வைத்திருக்கிறார். க. தப்பாக விழுகிறது, அழிக்கிறேன், மறுபடி. மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதும் அறை தராசு அறை மாதிரி ஆகிவிட்டது, என் மூச்சு எனக்குக் கேட்கிறது. ர. ன். புள்ளியும் வைத்தாயிற்று. சமர்ப்பி என்ற பொத்தானை அமுக்குகிறேன்.

"என்ன வேணி விளையாட்டு இது" என்கிறான். சிரிப்பு பாதியில் இருக்கிறது, மீதிப் பாதி முகம் என்னை அளவு பார்க்கிறது. "வயசாயிடுச்சு சார் வேணிக்கு. எடுத்துடும்மா அத." ஜெனிட்டா என்னைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், மேசையின் மேல் கிடக்கும் என் வலது கையைப் பார்க்கிறாள். ஆறு மாதமாக அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள், வாதம் என்று நினைத்திருப்பாள். "எடுக்க முடியாது சார்" என்கிறாள். "இந்த வருஷப் படிவத்துல பதில் வந்துட்டா அந்தக் கேள்விய நீக்க விடாது." அம்பலவாணன் கோப்பையை வைக்கிறார். "அப்ப பதில நீக்கு." "பதில் போட்டவங்கதான் சார் நீக்கணும்." இப்போது மூன்று பேரும் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அம்பலவாணன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், நல்ல மனிதர், யாருக்கும் சங்கடம் வரக் கூடாது என்று நினைப்பவர். "மேடம், ஏதாவது மனஸ்தாபம்னா நாம தனியாப் பேசிக்கலாம். அவரு கட்டிக் குடுத்த கட்டிடத்துல உக்காந்துருக்கோம். கூட்டத்தோட மினிட்ஸ்ல வர வேண்டாம். நீக்கிடறீங்களா?" எவ்வளவு மெதுவாகக் கேட்கிறார். இப்படித்தான் கேட்பார்கள் என்று தெரியும், ஐம்பது வருடமாக எனக்குள் இதே குரலில் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து மேசையைச் சுற்றி வருகிறான், செருப்பு தரையில் உரசுகிறது, என் நாற்காலியின் முதுகில் அவன் கை வந்து படிகிறது, சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறது, மரம் முனகுகிறது. "வேணி" என்கிறான், என் காதுக்குப் பக்கத்தில், மிக்சர் வாடையோடு. முதுகெலும்பு முழுவதும் எழுந்து ஓடச் சொல்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நீக்கல சார்" என்கிறேன். "மத்தவங்க என்ன எழுதுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவங்க இஷ்டம். என்னோடத மட்டும் சொல்றேன். மினிட்ஸ்ல வரட்டும். ஜெனிட்டா, எழுதிக்கோம்மா."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புதிய பக்கம் திறந்தாள். "கையை எடுங்க சார்" என்றாள் அவனிடம், நிமிராமலே. பிறகு என்னிடம், "சொல்லுங்க மேடம்" என்றாள்.

சொன்னேன்.